அருவியில விடலையா? ஆச்சி வீட்டுப் பிள்ளைகளை இங்கே கூட்டிட்டுப் போங்க!

சீசன் வந்துவிட்டால் இலஞ்சியில் காலைக் காபிக்கு முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடும். "இன்னைக்கு அருவியில விடுதாங்களா?"

இந்த வீட்டில் அதைக் கேட்டவன் ஆறாம் வகுப்புப் பையன். சென்னையிலிருந்து அம்மாவோடும் ஒன்றாம் வகுப்புத் தங்கையோடும் முந்தைய நாள்தான் வந்திறங்கியிருந்தான். தோளில் துண்டு, கையில் எண்ணெய் பாட்டில், ரெடி. ஆனால், ராத்திரி முழுக்க மலையில் மழை. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் குளிக்கத் தடை என்று தென்காசியில் கடை வைத்திருக்கும் மாமா போனில் சொல்லிவிட்டார்.

பையன் துண்டை வீசினான். தங்கை அழுதாள். பத்தே நிமிடத்தில் இருவரும் ஆளுக்கொரு போனோடு கட்டிலில் சுருண்டுகொண்டார்கள். வெளியே அழகான சாரல். உள்ளே ரீல்ஸ் சத்தம்.

"எட்டு மணி நேரம் ரயில்ல வந்தது இதுக்காடே? ஏல, அந்த போன அங்கிட்டு வையி!" என்றார் ஆச்சி. எட்டு மணி நேரம் என்பது ஆச்சியின் கணக்கு. உண்மையில் அதைவிடக் கூட.

"கொஞ்ச நேரம் கழிச்சுப் போய் நின்னா விட்டுருவாங்கம்மா. ஓரமா நின்னுட்டு வந்துரலாம்" என்று பிள்ளைகளின் அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மாமா ஒப்பவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. கீழே வெயிலடிக்கும், மேலே மலையில் கொட்டித் தீர்க்கும். ஓரமாக நிற்பவருக்கு அது தெரியாது. தடை என்றால் தடைதான். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து வந்த கணக்கையெல்லாம் தண்ணீர் பார்க்காது.

சரி, பிள்ளைகளை என்ன செய்வது? குற்றாலம் என்றாலே அருவி, பரோட்டா, ரம்புட்டான் என்று பழகிவிட்டோம். கூரைக்குக் கீழே, மழையில் நனையாமல், பிள்ளைகள் பார்க்கிற மாதிரி இடங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன என்பது உள்ளூர்க்காரர்களுக்கே அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை.

ஒரு பானை போதும்

குற்றாலத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அருவிக்குப் போகிற கூட்டத்தில் பலர் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் போகிறார்கள். கற்சிற்பங்கள், பழைய மண்பாண்டங்கள், முதுமக்கள் தாழி, மலைவாழ் மக்கள் புழங்கிய பொருள்கள் என்று சின்ன இடத்துக்குள் நிறைய இருக்கிறது. ஆனால், பொத்தானை அழுத்தினால் விளக்கெரிகிற இடமில்லை. சென்னைப் பிள்ளைகளுக்கு முதலில் சப்பென்றுதான் இருக்கும்.

அப்படித்தான் ஆனது. அம்மா ஒவ்வொரு அட்டையாக வாசித்து, "இது எந்த நூற்றாண்டு, சொல்லு பாப்போம்" என்று ஆரம்பித்தார். ஐந்தாவது சிற்பத்தில் பையன் கொட்டாவி விட்டான். எட்டாவதில் தங்கை "பாத்ரூம்" என்றாள். குழந்தைகளோடு அருங்காட்சியகம் போகிற முக்கால்வாசிக் குடும்பங்களில் நடப்பது இதுதான். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிக்கொண்ட சமூக அறிவியல் வகுப்பு.

நிலைமையைக் காப்பாற்றியது ஆச்சி. முழங்கால் வலி என்று நின்ற இடம் தாழிக்குப் பக்கம். "ஏ, இது நம்ம வீட்டுக் குலுக்கை மாதிரில்லா இருக்கு!" என்றார் சத்தமாக. நெல் கொட்டி வைக்கிற மண் குதிரைத்தான் நெல்லைப் பக்கம் குலுக்கை என்பார்கள். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

"இதுக்குள்ள நெல்லா வச்சாங்க?"

"ஆளையே வச்சிருக்காவ தாயி. செத்துப் போனவங்கள."

பையன் எட்டிப் பார்த்தான். எவ்வளவு பெரிய ஆள், எப்படி மடக்கி வைத்தார்கள், மூடி எங்கே என்று வரிசையாகக் கேள்விகள். தங்கை மட்டும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள். "தாத்தாவையும் இப்படித்தான் வச்சீங்களா ஆச்சி?"

தாத்தா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்தச் சமயம் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் காட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பதறிப்போய், "வா, அங்க சிலை இருக்கு பாரு" என்று கையைப் பிடித்து இழுத்தார். ஆச்சி விடவில்லை.

"இல்ல தாயி. தாத்தாவ எரிச்சு, சாம்பல ஆத்துல கரைச்சோம். அதுக்கு முன்னாடி எல்லாரும் வாயில அரிசி போட்டோம்."

"எதுக்கு அரிசி?"

"போற வழியில பசிக்கும்லா."

அன்றைக்கு அந்தக் குடும்பம் அங்கே பார்த்தது அந்த ஒரு தாழியைத்தான். அரை மணி நேரம். குழந்தைகளோடு அருங்காட்சியகம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. உள்ளே போனதும் ஒரு சுற்று வேகமாகச் சுற்ற விடுங்கள். பிள்ளை எந்தப் பொருள் முன்னால் நிற்கிறதோ, அதோடு நில்லுங்கள். அட்டையை அப்புறம் வாசிக்கலாம்.

(சாவு சம்பந்தமான கேள்வி வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். தெரிந்ததைச் சின்ன வாக்கியத்தில் சொன்னால் போதும். கேட்டதற்கு மேல் சொல்லவும் வேண்டாம்.)

மறுநாளும் தடை. சித்திர சபைக்குப் போனார்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, திருவாலங்காடு ரத்தின சபை. குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. பெயருக்கேற்ப இங்கே நடராஜரே சுவரில் ஓவியமாகத்தான் இருக்கிறார். செப்புத் தகடு வேய்ந்த கூரை, எதிரே தெப்பக்குளம், உள்ளே சுவரெல்லாம் புராணக் காட்சிகள். குற்றாலநாதர் கோயிலிலிருந்து தள்ளித் தனியாக இருப்பதால் கூட்டமும் குறைவு. பிள்ளைகளிடம் "யானை எத்தனை இருக்கு, எண்ணிட்டு வா" என்று ஒரு வேலை கொடுத்து அனுப்பினால் கழுத்து வலிக்கும் வரை பார்ப்பார்கள். இங்கேயும் எண்ணிக்கையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை. தீர்ப்புச் சொல்ல ஆச்சி ஒரு முறை, மாமா ஒரு முறை என்று திரும்பத் திரும்ப எண்ண வேண்டியிருந்தது.

நெல்லைக்கு ஒரு ரயில்

மூன்றாம் நாள் நெல்லை. காரில் போனால் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகச் சுமார் 55 கிலோமீட்டர். பிள்ளைகள் இருந்தால் ரயில்தான் சரி. செங்கோட்டையிலிருந்து தென்காசி வழியாகப் போகிற பாசஞ்சரில் கட்டணமும் குறைவு, ஜன்னலும் உண்டு. அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் தாமிரபரணியைத் தாண்டும்போது பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். அடுத்து வரும் காருகுறிச்சி, நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர். மண்பாண்டத்துக்கும் பேர்போன ஊர். முந்தாநாள் பார்த்த தாழியின் நினைவில் தங்கை, "இங்கதான் அந்தப் பானை செஞ்சாங்களா?" என்று கேட்டுவிட்டாள். இந்த ஊரில் இல்லை, ஆனால் இதே ஆற்றங்கரையில் என்று மாமா சமாளித்தார். தப்பில்லாத பதில்தான்.

நெல்லை ஜங்ஷனில் இறங்கி, 1843-ல் கட்டி முடித்த சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது மாவட்ட அறிவியல் மையம். 1987-ல் திறந்தது. மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்தின் கீழ் வருகிறது. உள்ளூர்ப் பள்ளிக்கூடங்கள் சுற்றுலா என்றால் வருஷா வருஷம் இங்கேதான் பஸ்ஸைத் திருப்பும். அதனாலேயே 'அது ஸ்கூல் பிள்ளைங்க போற இடம்' என்று குடும்பங்கள் விட்டுவிடுகின்றன.

இங்கே 'தொடாதே' போர்டுக்கு வேலை குறைவு. திருகு, இழு, அழுத்து, ஓடு. பெரியவர்கள் அட்டையை வாசித்து முடிப்பதற்குள் பிள்ளை மூன்று முறை செய்து பார்த்திருக்கும். வெளியே பூங்காவில் டைனோசர் பொம்மைகள் நிற்கின்றன. மழை விட்டால் அங்கே, பெய்தால் உள்ளே என்று மாறிக்கொள்ளலாம். கோளரங்கக் காட்சி, முப்பரிமாணக் காட்சிகளுக்குத் தனி நேரம், தனி டிக்கெட். போனதுமே எது எத்தனை மணிக்கு என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை கேட்பதும் அங்கே நடப்பதும் பொருந்தவே பொருந்தாது.

தொட்டுக் கற்கிற இந்த வழக்கம் புதிதில்லை. குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1899-லேயே நியூயார்க்கின் புரூக்ளினில் திறந்துவிட்டது. அணு இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பிதான்) 1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' தொடங்கி, பார்வையாளரே பரிசோதனை செய்கிற கூடமாக அதை மாற்றினார். அந்தச் சிந்தனையின் உறவுக்காரப் பிள்ளைதான் கொக்கிரகுளத்தில் இருப்பதும்.

ஆறாம் வகுப்புப் பையனை அங்கிருந்து கிளப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரே கருவியை ஏழெட்டு முறை. "அடுத்ததப் பாருல" என்று மாமா சொன்னதற்கு, "இருங்க மாமா, இது ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியல" என்றான். அவன் போன் அம்மாவின் பையில் இருந்தது. அதை அவன் கேட்கவே இல்லை.

சிற்றாறு போகிற இடம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெட்டியார்பட்டி. பொருநை அருங்காட்சியகம். பொருநை என்பது தாமிரபரணியின் பழைய பெயர். 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்து, 2025 டிசம்பரில் திறந்தார்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய மூன்று இடங்களிலும் அகழாய்வில் கிடைத்த பொருள்கள் இங்கே இருக்கின்றன. இடம் பெரிது, நடை அதிகம். காலையில் ஓர் இடம், மதியம் ஓர் இடம் என்பதே சின்னப் பிள்ளைகளுக்குக் கூடுதல்தான். இலஞ்சியிலிருந்து திரும்பத் திரும்ப வர முடியாதவர்கள் வேண்டுமானால் செய்யலாம். நெல்லையிலேயே தங்குபவர்கள் இதற்குத் தனி நாள் வையுங்கள்.

முந்தைய இரவே மாமா ஒரு காரியம் செய்திருந்தார். தங்கையின் 'எதுக்கு அரிசி?' அவர் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. தேடிப் படித்ததில் கிடைத்தது சிவகளை. அங்கே ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதில் அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. ஏறத்தாழ 3,200 வருஷம். தமிழ்நாடு அரசு 2021-ல் அதைச் சட்டமன்றத்திலேயே சொன்னது.

தாழிகளுக்கு முன்னால் நின்று மாமா இதைச் சொன்னதும் ஆச்சிதான் முதலில் அசந்துபோனார். "மூவாயிரம் வருஷமா! அப்பவே வாய்க்கரிசி போட்டிருக்காவளா?"

அறிஞர்கள் அதை வாய்க்கரிசி என்று சொல்வதில்லை. இறந்தவருக்காக வைத்த படையல் என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால், இந்த வீட்டில் யாரும் அந்த வித்தியாசத்தைப் பேசிக்கொண்டிருக்கவில்லை. தங்கை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "அவங்களுக்கும் பசிக்கும்னு யாரோ வச்சிருக்காங்க" என்றாள். தாத்தாவைப் பற்றிக் கேட்க அவளிடம் இன்னும் நிறைய இருந்தது. திரும்பும் ரயிலில் அம்மாவே பதில் சொன்னார். பக்கத்து வீட்டில் உட்கார வைத்தது ஏன் என்பதையும் சேர்த்து.

பையனுக்கு வேறு விஷயம் பிடித்துக்கொண்டது. ஆதிச்சநல்லூரில் முதலில் தோண்டிப் பார்த்தவர் 1876-ல் வந்த ஜெர்மானியர் ஜாகோர். எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டு போய்விட்டார். அடுத்து 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் தங்க நெற்றிப் பட்டங்கள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள் எல்லாம் கிடைத்தன.

"அதெல்லாம் இப்ப எங்க மாமா இருக்கு?"

"உங்க ஊர்லதான்டே. எழும்பூர் மியூசியத்துல."

பையன் வாயைப் பிளந்தான். 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தை அவன் பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். உள்ளே போனதில்லை. சென்னை போனதும் முதல் சனிக்கிழமையே போக வேண்டும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். (எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் அப்படித்தான். ஆனாலும் எங்கே கிளம்பினாலும் முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது அருவித் தடையைவிடக் கஷ்டம்.)

நேரம் இருக்கிறவர்கள் நெல்லையிலிருந்து இன்னொரு 24 கிலோமீட்டர் போனால் ஆதிச்சநல்லூருக்கே போய்விடலாம். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தோண்டிய குழிகளை மூடாமல், தாழிகளை எடுக்காமல், மேலே கண்ணாடித் தளம் போட்டு, கீழே அப்படியே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கிற பானைக்கும், மண்ணுக்குள் கிடக்கிற பானைக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பிள்ளைக்கும் அங்கே நின்றால் புரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் சிலர் கண்ணாடி மேல் கால் வைக்கப் பயப்படலாம். கட்டாயப்படுத்த வேண்டாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இடங்கள் எல்லாமே அரசு நடத்துபவை. ஒரு குடும்பம் மூன்று நாளில் இங்கே டிக்கெட்டுக்குச் செலவழிக்கிற பணம், பெரிய ஊர் மால் ஒன்றில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் குதிக்கிற விளையாட்டுக் கூடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்குகூட வராது. அதற்கேற்ற குறைகளும் உண்டு. உட்கார நாற்காலி தேட வேண்டியிருக்கும். குழந்தை உயரத்துக்கு எழுதிய விளக்க அட்டைகள் குறைவு. சில அட்டைகளின் தமிழைப் பெரியவர்களே இரண்டு முறை வாசிக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம், மாற்று உடுப்பு மூன்றும் பையில் இருக்கட்டும். ஆச்சி, தாத்தா யாராவது கூட வந்தால் ரொம்ப நல்லது. ஆட்டுக்கல்லும் அரிவாள்மணையும் குலுக்கையும் அவர்கள் புழங்கியவை. அட்டையில் இல்லாத விவரம் அவர்களிடம்தான் கிடைக்கும்.

நான்காம் நாள் காலை. மழை விட்டது. "ஐந்தருவியில விடுதாங்க!" என்று மாமா போன் போட்டார். துண்டும் எண்ணெயும் மறுபடி வெளியே வந்தன. குளித்து முடித்து, சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, திரும்பும் வழியில் இலஞ்சிக் குமாரர் கோயில் பக்கம் சிற்றாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குற்றாலத்துத் தண்ணீர்தான் அது. தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, ஆதிச்சநல்லூர் பக்கமாகக் கடலுக்குப் போகிறது என்று மாமா கையை நீட்டிக் காட்டினார்.

"அப்ப இந்தத் தண்ணி அந்தப் பானை இருக்கிற இடத்துக்குப் போகுமா?" என்றாள் தங்கை. "எத்தனை நாள் ஆகும்?"

மாமா யோசித்தார். "வழியெல்லாம் அணைக்கட்டு, குளம், வயலு. எல்லாரும் எடுத்துக்கிட்டு மிச்சம்தான் போகும் தாயி."

தங்கை கையில் இருந்த பஜ்ஜிக் காகிதத்தைக் கப்பலாக மடிக்க ஆரம்பித்தாள். "ஆத்துல குப்ப போடாதட்டி" என்று ஆச்சி பிடுங்கிக்கொண்டார்.